இரண்டாவது கையெழுத்து

பேசாலை, மன்னார்
9 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி றெமிஜியஸ்,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். எனக்கு உடம்பில் பெரிய குறை இல்லை. சண்டையில் செல் விழுந்த வருசத்திலிருந்து கெட்ட காது இப்போது முழுதாகவே மூடிக்கொண்டது. உன் முழங்கால் எப்படி?

கிளிபோட்டின் அடக்கத்தைப் கனடாவிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கும் ஜூலி தன் போனில் காட்டினாள். வாய்கள் அசைந்தன, எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நீ நின்றாய். அவன் மகள் கரோலின் ஒரு முதியவரைப் பார்த்து ஏதோ கத்தினாள். அவர் யார்? அவள் என்ன சொன்னாள்? ஜூலியிடம் கேட்டால், "விடுங்கோ ரீச்சர்" என்று எழுதிக் காட்டுகிறாள்.

எனக்கு இருந்தது ஒரு தம்பி. நீ சின்னம்மாவின் மகன் என்றாலும் அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, முப்பத்துமூன்று வருசம் பக்கத்தில் வைத்திருந்தவன். அன்று காலை அவனை முதலில் கண்டவனும் நீதான் என்கிறார்கள். அவன் எப்படிச் செத்தான் என்று ஒழுங்காக எழுது. போனில் துண்டு துண்டாக அனுப்பாதே. எனக்குத் தாளில் வேண்டும், திரும்பத் திரும்ப வாசிக்க. ஜூலி புதன்கிழமை ஸ்காபரோவுக்குத் திரும்புகிறாள். இந்தக் கடிதத்தைக் கையில் தருவாள்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் போடு.

அக்கா
எமில்டா


மல்வேர்ன், ரொறன்ரோ
30 நவம்பர் 2024

அன்புள்ள எமில்டா அக்காவுக்கு,

ஜூலி கடிதத்தைத் தந்தாள். முழங்கால் இருந்தபடிதான், படி இறங்கும்போது மட்டும் குத்தும். உங்கள் காதை நினைத்துக் கவலைப்படுகிறேன். இங்கே தபால் வேலைநிறுத்தம். முடிந்த உடனே இதைப் போடுவேன்.

நீங்கள் கேட்டபடி ஒழுங்காக எழுதுகிறேன்.

கிளிபோட்டிடம் 1984ஆம் ஆண்டு செய்த மோட்டர்ஹோம் ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். படுக்கை, அடுப்பு, ஹீட்டர் எல்லாம் உள்ளே இருக்கும் பெரிய வான். அதை அவன் "வள்ளம்" என்றுதான் சொல்லுவான். இப்படிப் பழைய வான் வைத்திருப்பவர்கள் இங்கே பதினொரு பேர் இருக்கிறோம். கராஜுக்குக் கொண்டுபோனால் பாகம் கிடைக்காது என்று திருப்பிவிடுவார்கள். ஆகவே ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை, ஒவ்வொரு மாதக் கடைசிச் சனிக்கிழமையும், டோர்செட் பார்க் பக்கத்தில் ஓடு விற்கும் ஒரு களஞ்சியத்தின் பின்வளவில் கூடி ஆளுக்காள் திருத்திக்கொள்வோம். எனக்குப் பிரேக் வேலை தெரியும். கிளிபோட் கூரை ஒழுக்கு அடைப்பான். காஸ் வேலை ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. எழுபத்திரண்டு வயது. வேலையில் இருந்த காலத்தில் காஸ் பொருத்துவதற்கு உரிமம் வைத்திருந்தவர். அடக்கத்தில் நீங்கள் பார்த்த முதியவர் அவர்தான்.

ஒக்டோபர் 26, வருசத்தின் கடைசிக் கூட்டம். ஸ்ரீ அண்ணை கிளிபோட்டின் ஹீட்டரைக் கழற்றி, அதன் பின்னால் உள்ள புகைக்குழாயை மாற்றினார். வேலை நாலு மணிக்கு முடிந்தது. ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார்கள், நன்றாகச் சுட்டது. பிறகு சாப்பிட்டோம். இராஜரட்ணம் கொத்துரொட்டி கொண்டுவந்திருந்தான். கிளிபோட், "வள்ளக்காரன்ரை மோன் ஓட்டை வள்ளம் வேண்டினவன் எண்டு சிரிச்சனீங்கள், இப்ப பாருங்கோடா, உள்ளுக்கை வெய்யில் எறிக்குது" என்றான். அன்றிரவு வானிலேயே படுக்கப்போவதாகச் சொன்னான். காலையில், குளிரில் உறையாமல் இருக்கத் தண்ணீர்க் குழாய்களை வடிப்பதற்கு நான் வருவதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை ஏழு இருபதுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். திறந்தேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போர்வையோடு, இடதுபக்கம் சரிந்து, நித்திரை போலக் கிடந்தான். காஸைப் பூட்டினேன். அம்புலன்சைக் கூப்பிட்டேன். ஏழு நிமிடத்தில் வந்தார்கள்.

புதிய குழாயின் ஒரு மூட்டு கழன்று, நச்சுப் புகை உள்ளே வந்திருக்கிறது. அந்தப் புகைக்கு மணம் இல்லை. அவன் வலி அறிந்திருக்க மாட்டான் என்று டொக்டர் சொன்னார். வானில் இருந்த எச்சரிக்கை மணி காலாவதியானது. புதியது ஒன்று வாங்கி, உறை பிரிக்காமல் இருக்கைக்குக் கீழே வைத்திருந்தான்.

கரோலின் ஸ்ரீ அண்ணையிடம் சொன்னது: "யூ கில்ட் மை டாட்." நீங்கள்தான் என் அப்பாவைக் கொன்றீர்கள். அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. குளிருக்குக் காதைப் பஞ்சால் மூடிக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி
றெமிஜியஸ்


டோர்செட் பார்க், ரொறன்ரோ
6 ஜனவரி 2025

மதிப்புக்குரிய எமில்டா ரீச்சர் அவர்களுக்கு,

முகம் தெரியாத ஒருவனின் வணக்கம். தாங்கள் உடல்நலத்தோடு இருக்க வேண்டுகிறேன். தங்கள் முகவரியைக் கோயிலில் கொடுத்த நினைவு மலரிலிருந்து எடுத்தேன். இதை வாசிக்காமல் கிழித்துப் போட்டாலும் தங்களைப் பிழை சொல்ல மாட்டேன்.

தங்கள் தம்பியின் ஹீட்டரில் வேலை செய்தவன் நான். பொலிசார் மூன்று தரம் கேட்டார்கள். வேலை என்னுடையது, பழுது என்னுடையது என்று மூன்று தரமும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நடந்ததை மட்டும் சொல்லுகிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. அதை வைத்தவன் நான்தான். ஒவ்வொரு வானிலும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். வேலை செய்தவர் அதில் கையெழுத்து வைப்பார். அது போதாது. வேறு ஒருவர் அதே வேலையைத் தன் கையால் சோதித்து, இரண்டாவது கையெழுத்து வைக்க வேண்டும். அதுவரை வான் வளவை விட்டு அசையக்கூடாது. உள்ளே ஒருவரும் படுக்கக்கூடாது. ஹீட்டருக்கான சோதனை எளியது. ஹீட்டரை ஓடவிட்டு, அதன் குழாய் மூட்டுகளைச் சுற்றி ஓர் ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை நேராக ஏறினால் சரி. முறிந்து சிதறினால் எங்கோ ஒழுகுகிறது.

அன்றும் சோதனை நடந்தது. சோதித்தவரை நான் கேட்டேன். "நேரா ஏறுது அண்ணை" என்றார். கையெழுத்தும் வைத்தார். அந்த அட்டை பிறகு கிடைக்கவில்லை. அவர் பெயரை நான் யாருக்கும் சொல்லவில்லை. தன் கடமையைச் சரியாகச் செய்தவரை எதற்கு இழுக்க வேண்டும்?

ஆகவே ரீச்சர், பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, என் கை மூட்டை இறுக்கவில்லை. மற்றது, என் சோதனை அந்த ஒழுக்கைக் காட்டவில்லை. முப்பது வருசமாக அந்தச் சோதனையை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் எத்தனை வீடுகளில் அதை நம்பிப் படுக்கிறார்களோ தெரியாது. அது எந்த இடத்தில் பொய்க்கிறது என்று கண்டுபிடிக்காமல் நான் ஓயப் போவதில்லை. தங்களுக்கு நான் தரக்கூடியது அது ஒன்றுதான்.

பணிவுடன்
வ. ஸ்ரீஸ்கந்தராசா


பேசாலை
3 பெப்ரவரி 2025

அன்புள்ள றெமிஜியஸ்,

ஆண்டவர் உனக்குத் துணை. எனக்கு நேற்றிலிருந்து தடிமன். வேறு ஒன்றும் இல்லை.

ஒரே கிழமையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று உன்னுடையது, மற்றது ஸ்ரீஸ்கந்தராசாவுடையது. அவர் எழுதியதைப் பிரதி எடுத்து இதோடு வைக்கிறேன். வாசி.

உன் கடிதத்தில் திகதி நவம்பர் 30. உறையில் குத்திய முத்திரை ஜனவரி 14. உங்கள் வேலைநிறுத்தம் டிசம்பர் 17இல் முடிந்துவிட்டது. ஜூலியின் கிறிஸ்மஸ் கார்ட் வருசப் பிறப்புக்கு அடுத்த கிழமையே எனக்கு வந்தது. நாலு கிழமை இந்தக் கடிதம் எங்கே கிடந்தது?

நீ எழுதினாய்: "வேலை நாலு மணிக்கு முடிந்தது. ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு சாப்பிட்டோம்." ஸ்ரீஸ்கந்தராசா எழுதுகிறார், ஒரு விதி இருந்தது, சோதனை நடந்தது, இரண்டாவது கையெழுத்து வைக்கப்பட்டது என்று. வள்ளம், கொத்துரொட்டி, உறை பிரிக்காத மணி எல்லாம் உன் கடிதத்தில் இருக்கிறது. அந்த விதி மட்டும் இல்லை.

ஒரு கேள்விதான். இரண்டாவது கையெழுத்து யாருடையது?

அக்கா
எமில்டா


மல்வேர்ன்
1 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். இங்கே பெப்ரவரி முழுக்கப் பனி. மாடிக் கட்டடங்களுக்கு இடையில் மலை போலக் குவித்திருக்கிறார்கள். பஸ் தரிப்பிடம் எது, மதில் எது என்று தெரியவில்லை. முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்ய ஒன்பது மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். டொக்டர் சீனாக்காரி, நல்ல பிள்ளை.

கிளிபோட்டுக்காக மாதத் திருப்பலி கொடுத்தேன். கரோலின் யூனியன்வில்லில் தாயோடு இருக்கிறாள். வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். "ஹாய் பெரியப்பா, ஐ'ம் ஓகே, டோன்ட் வொறி" என்று செய்தி அனுப்புவாள். நேரில் கண்டால் அழுகிறாள்.

ஸ்ரீ அண்ணையோடு இப்போது அதிகம் பேர் கதைப்பதில்லை. தமிழ்க் கடையில் ஒருவர் அவரைக் கண்டு பக்கத்து வரிசைக்கு மாறிப் போனதை நானே பார்த்தேன். அவர் பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி ஒரு ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறார் என்று கேள்வி. வயதும் ஆகிவிட்டது. அவருடைய நினைவில் சில விசயங்கள் முன்பின்னாக இருக்கலாம்.

அட்டை கிடைக்காததால் மற்றதைப் பற்றி ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

காது டொக்டரிடம் போனீர்களா?

அன்புடன்
றெமிஜியஸ்


பேசாலை
24 மார்ச் 2025

றெமிஜியஸ்,

தடிமன் மாறிவிட்டது.

பனியைப் பற்றி எழுதினாய். சீன டொக்டரைப் பற்றி எழுதினாய். நான் கேட்டதற்கு, ஒரு கிழவரின் நினைவு சரியில்லை என்று பதில் எழுதினாய்.

ஒக்டோபர் 26ஆம் திகதி கிளிபோட் எனக்கு ஒரு படம் அனுப்பினான். கீழே "அக்கா, வள்ளம் ரெடி" என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு அவன் எனக்கு ஒன்றும் அனுப்பவில்லை. ஐந்து மாதமாக அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். போன கிழமை மன்னார் ரவுனில் ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினேன். அவன் தோளுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்குகிறது. கடைசி வரியில் இரண்டு கையெழுத்து. முதலாவது ஆங்கிலத்தில். இரண்டாவது தமிழில். "றெ"யின் கொம்பை இழுத்து, முழுப் பெயருக்கும் அடியில் கோடாகக் கொண்டுபோகும் கையெழுத்து. எட்டாம் வகுப்பில், கணக்குக் கொப்பியில் அப்படி வைக்காதே என்று நான் உனக்கு அடித்தது ஞாபகம் இருக்கிறதா?

அன்று மாலை அட்டை இருந்தது. அடுத்த நாள் காலை அந்த வானுக்குள் முதலில் போனவன் நீ.

என் பொறுமையைச் சோதிக்காதே. எழுது.

எமில்டா


மல்வேர்ன்
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். நேற்றுப் பெரிய வெள்ளி. கோயிலுக்குப் போய் வாசலோடு திரும்பி வந்தேன்.

அட்டை என்னிடம் இருக்கிறது. அம்புலன்ஸ் வருவதற்கு எடுத்த அந்த ஏழு நிமிடத்தில் கழற்றி ஜக்கெற்றுக்குள் வைத்தேன். கையெழுத்து என்னுடையது. சோதனை நான் செய்யவில்லை.

நடந்தது இதுதான். ஹீட்டர் வேலை முடிந்ததும் ஸ்ரீ அண்ணை ஊதுபத்திப் பெட்டியை என்னிடம் நீட்டினார். "இந்தா, வேதக்காரா, பூசையிலை ஆட்டுற மாதிரி ஆட்டாதை. மெல்லமாப் பிடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே ஏறினேன். ஹீட்டர் தரையோடு இருக்கிறது. முழங்காலில் நிற்க வேண்டும். நிற்க முடியவில்லை. வெளியே கொத்துரொட்டியைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. ஸ்ரீ அண்ணை செய்த வேலையை அவர் முன்னால் சோதிப்பது அவரை அவமதிப்பது போல எனக்கு இருந்தது. என் வேலையை அவர் சோதிக்கலாம். அவருடையதை நான் சோதிக்க நான் யார்?

நான் மட்டும் இல்லை அக்கா. இது உங்களுக்கு விளங்க வேண்டும். ஆறு வருசத்தில் அவருடைய வேலைக்கு ஒருவருமே ஊதுபத்தி கொளுத்தியதில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போவோம், இரண்டு நிமிடம் நிற்போம், கையெழுத்து வைத்துவிட்டு வருவோம். அதை மரியாதை என்று நினைத்திருந்தோம். அவருக்கு மட்டும் தெரியாது. அவர் மற்றவர்களின் வேலையை மெய்யாகவே சோதிப்பார். நாங்களும் அப்படியே செய்கிறோம் என்று நம்பியிருந்தார்.

நான் இறங்கி வந்ததும், "பாத்தியோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, நேரா ஏறுது" என்றேன்.

கிளிபோட் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தான். சரிபார்த்தது தன் அண்ணன் என்று படுத்தான்.

அட்டையை ஏன் எடுத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. கை தானாகப் போனது. உங்கள் முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலை உறையில் போட்டுப் போட்டு வெளியே எடுத்தேன். அந்த நாலு கிழமை அப்படித்தான் போனது.

நீங்கள் என்ன தண்டனை சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

றெமிஜியஸ்


பேசாலை
10 மே 2025

றெமிஜியஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தரம் வாசித்தேன்.

தண்டனை கொடுக்க நான் நீதவான் இல்லை. மன்னிக்க சுவாமியாரும் இல்லை. நீ சொல்ல வேண்டிய ஆளும் நான் இல்லை. அங்கே ஒரு மனிதர் தன் சோதனை எங்கே பொய்த்தது என்று தேடிக்கொண்டிருக்கிறார். அது பொய்க்கவில்லை. நடக்கவே இல்லை. இதை அறிந்தவர்கள் இப்போது நீயும் நானும்.

அவருக்கு நான் எழுதப் போவதில்லை. உன் வாயால் சொல்ல வேண்டும். மல்வேர்னிலிருந்து அவர் வீட்டுக்கு எத்தனை பஸ்? போ. உன் கடிதத்தில் காரணங்களை எண்ணினேன். முழங்கால், சாப்பாடு, மரியாதை, மற்றவர்களும் செய்தது, கை தானாகப் போனது, ஐந்து. அவற்றில் ஒன்றையும் அவரிடம் சொல்லாதே. நடந்ததை மட்டும் சொல்.

எமில்டா


மல்வேர்ன்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு பஸ், நாற்பது நிமிடம்.

உங்கள் கடிதம் மே 29 வந்தது. 31ஆம் திகதி இந்த வருசத்தின் இரண்டாவது கூட்டம். அங்கேயே சொல்லுவோம் என்று அட்டையைக் கொண்டு போனேன். ஸ்ரீ அண்ணை ஏப்ரலில் வரவில்லை. இந்தத் தரம் வந்தார். மெலிந்துவிட்டார். ஒருவரும் கிட்டப் போகவில்லை. தன் கதிரையில் இருந்து எழும்பி, எல்லோரையும் கூப்பிட்டார். "பிள்ளையள், இனிமேல் ஊதுபத்தியை நம்பாதேங்கோ. அது பிழைச்சுப்போச்சு. நச்சுப்புகை அளக்கிற மீற்றர் வேண்டுங்கோ. நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன்" என்றார். பிறகு என்னிடம் வந்து கையைப் பிடித்தார். "தம்பி, நீ யோசிக்காதை. நீ செய்ய வேண்டியதைச் செய்தனி. உன்னிலை ஒரு பிழையும் இல்லை" என்றார்.

அட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

அவர் போனபின் இராஜரட்ணம் என்னை வானுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோனான். "நாங்கள் ஒருத்தரும் கொளுத்தினதில்லையெண்டு மனிசனுக்குத் தெரியாது என்ன?" என்றான். "தெரியாமலே போகட்டும் மச்சான். தெரிஞ்சா மனிசன் தாங்காது" என்றான்.

இப்போது அவர் ஒவ்வொரு நாளும் வளவுக்கு வருகிறார். ஒரு மேசையில் அந்தப் பழைய ஹீட்டரைப் பூட்டி, தனியே சோதனை செய்கிறார். நேற்றுப் போனேன். வாசலில் நின்று பார்த்தேன். குனிந்து ஊதுபத்தி பிடித்துக்கொண்டிருந்தார். குழப்ப வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். வருகிற சனிக்கிழமை கட்டாயம் போவேன்.

றெமிஜியஸ்


பேசாலை
30 ஜூன் 2025

றெமிஜியஸ்,

உன் சனிக்கிழமை இதற்குள் மூன்று போய்விட்டது. இன்று ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு நானே எழுதி, பெரிதாக்கிய படத்தின் ஒரு பிரதியையும் வைத்துப் போட்டுவிட்டேன். உன் வாயால்தான் வர வேண்டும் என்று மே மாதம் நான் பிடிவாதமாக இருந்தது பிழை. அந்த ஏழு கிழமை என் கணக்கில்.

எமில்டா


டோர்செட் பார்க்
26 ஜூலை 2025

அன்புள்ள றெமிஜியஸ் தம்பிக்கு,

யோகமலர் அக்கா எழுதுவது. நீங்களும் குடும்பமும் சுகமாய் இருக்க அம்மன் துணை. போன் எடுத்தால் எனக்கு அழுகை வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஸ்ரீ அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்கு வருவார்கள் என்று நினைத்த பலர் வரவில்லை. நீங்கள் முதல் ஆளாய் வந்து நின்று, கால் ஏலாத நிலையிலும் பெட்டி தூக்கினீர்கள். அதை மறக்க மாட்டேன். இவர் எப்போதும் உங்களைத்தான் சொல்லுவார். "றெமி மட்டும்தான் எனக்காக ஒழுங்காப் பாத்தவன்" என்பார்.

இவருடைய கொப்பி ஒன்று இருக்கிறது. வளவில் செய்த சோதனைகளை எழுதியது. எனக்கு அதில் அதிகம் விளங்காது. குழாயின் மூட்டை ஒரு நூல் அளவு கழற்றுவதும், ஊதுபத்தி பிடிப்பதும், இன்னும் கொஞ்சம் கழற்றுவதும், திரும்பப் பிடிப்பதும். நாற்பத்தொரு தரம் செய்திருக்கிறார். நாற்பத்தொரு வரியிலும் "புகை முறிந்தது" என்றுதான் எழுதியிருக்கிறது. ஒரு தரமாவது நேராக ஏறியதாக இல்லை.

கடைசிப் பக்கம் ஜூன் 21. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "என்னப்பா, கண்டுபிடிச்சிட்டியளோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். மூன்றாம் நாள் நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு வரி: "சோதனை சரி. றெமியைக் கேட்க வேண்டும்." இரண்டாவது வரியைப் பிறகு கோடு போட்டு வெட்டியிருக்கிறார்.

தம்பி, இவர் உங்களிடம் என்ன கேட்க நினைத்தார்? தெரிந்தால் எழுதுங்கள். எனக்கு அது மனதில் கிடந்து உழல்கிறது.

இன்னொன்று. மன்னாரிலிருந்து எமில்டா ரீச்சரின் கடிதம் வந்திருக்கிறது. இவர் பெயருக்கு வந்தது. உடைக்க எனக்கு மனம் இல்லை. இவருடைய படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். உங்கள் அக்காதானே. செத்தவருக்கு வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்புவதுதான் முறை என்று மகள் சொல்லுகிறாள். நேரம் கிடைக்கும்போது வந்து எடுத்துக்கொண்டுபோய், அவவுக்கே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்
யோகமலர்


மல்வேர்ன்
28 ஜூலை 2025

யோகமலர் அக்காவுக்கு,

எமில்டா அக்காவின் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உடைத்து வாசியுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது எல்லாம் உண்மை. அதில் உள்ள படத்தில் தொங்கும் அட்டையை இதோடு அனுப்புகிறேன். அடுத்து அது போக வேண்டிய இடம் பொலிஸ். நீங்கள் பார்த்த பிறகு உங்கள் மகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கரோலினுக்கும் இன்று இதையே எழுதியிருக்கிறேன்.

அண்ணை கேட்க நினைத்ததற்குப் பதில்:

நான் ஊதுபத்தி கொளுத்தவில்லை.

றெமிஜியஸ்